டி. ஹக்கபி, ஆண், முதியவர்

“தகவல் தந்தவர்: டி. ஹக்கபி. ஆண். முதியவர். பிறந்தது முதல் இவ்விடத்திலேயே வசிப்பவர். சுற்றுவட்டாரப் பெயர்களை ஐயமற அறிந்தவர். நம்பத்தக்கவர்.”

டாலிவர் நீர்த்தேக்கத்தின் நில அமைப்பு வரைபடத்துக்காக 1966 ஜூன் மாதம் எழுதப்பட்ட கள அறிக்கையில் இப்படி இருக்கிறது. இதில் பெயர் மட்டும் சரி. டி. ஹக்கபி என்பது டெல்ஃபியா ஹக்கபி. பெண். அப்போது வயது பத்தொன்பது. ஹாய்ட் ஹக்கபிக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு மலைத்தொடர் தாண்டி எங்கள் பாக்ஸ்வுட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தபால் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட நின்று யோசித்துவிட்டுத்தான் சொல்வாள். நம்பத்தக்கவர் என்பதைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து உண்டு.

அறிக்கை எழுதிய ஸ்வென்சன் பொய்யர் அல்ல. அரசாங்க ஜீப்பில் மூன்று நாள் கிழக்குக் கரை முழுக்கச் சுற்றியவர். விமானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து மலை, நீர், காடு எல்லாவற்றையும் வரைந்தாகிவிட்டது. எதற்கு என்ன பெயர் என்பதை மட்டும் விமானத்திலிருந்து எடுக்க முடியாது. அதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் ஆட்களோ, கையில் வரைபடத்தோடு வருபவனைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்கள். கடைசியாக அப்படி வந்தவர்கள் 1943இல் வந்தார்கள். அவர்கள் போன பிறகு பள்ளத்தாக்கே தண்ணீருக்குள் போய்விட்டது. முதல் வீட்டில் ஸ்வென்சனை நாய் வரவேற்றது. இரண்டாம் வீட்டில் நாயே தேவலை என்று ஆயிற்று. மூன்றாம் வீட்டுக்காரர் அக்கரைக்கு வழி சொல்லி அனுப்பினார். அந்த வழி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

நான்காவது வீடு ஹக்கபி வீடு. முன் வராந்தாவில் டெல்ஃபியாவின் மாமனார் லம், தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அணை கட்டும்போது பாறை வெடி வைக்கும் வேலைக்குப் போய்க் காதைப் பறிகொடுத்தவர்.

“பெரியவரே, அதோ தெரியுதே, அந்தக் குன்றுக்கு என்ன பேரு?”

லம் தலையாட்டினார்.

“அவருக்குக் காது கேக்காதுங்க” என்று பீன்ஸ் கிண்ணத்தோடு உள்ளிருந்து வந்தாள் டெல்ஃபியா. “யாரு என்ன கேட்டாலும் ஆட்டுவாரு.”

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாம? கேளுங்க.”

ஏழு வாரமாக அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஹாய்ட் நல்லவன், ஆனால் பேச்சைச் சேமித்து வைக்கும் ஆள். மாமியார் வெல்மாவிடம் ஒன்று கேட்டால் பதிலுக்கு ஒரு வேலை வரும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் பென்சிலோடு வந்து உட்கார்ந்து, நீ சொல்வதை எழுதிக்கொள்கிறேன் என்றால் யார்தான் விடுவார்கள்? இருபத்து மூன்று பெயர்கள் சொன்னாள். ஓடை, மேடு, வளைவு, கணவாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மாமனார் தலையாட்டினார். எதிரே இருந்த குன்றின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. பிறந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டார்லிங் குன்று உண்டு, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. “ஸ்டார்லிங் குன்று” என்றாள். அதற்கும் லம் தலையாட்டினார்.

“வீட்டுக்குப் பின்னால ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கே?”

“அது எங்களோடது. ஹக்கபிங்களோடது. மூணு வாரத்துக்கு முன்னாலதான் குடும்பமே போயிக் களை புடுங்கிப் பூ வெச்சிட்டு வந்தோம்.”

“அக்கரையில, நேர் எதிர்ல ஒண்ணு?”

“அது லெட்பெட்டருங்களோடது. அன்னிக்கே அவங்களும் சுத்தம் பண்ணாங்க. இங்கேருந்தே பாத்தேன்.”

ஸ்வென்சன் எழுதிக்கொண்டார். படிவத்தில் தகவல் தந்தவரைப் பற்றி ஒரு கட்டம் இருந்தது. நெடுநாள் வசிப்பவராக இருத்தல் நலம் என்று அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆகவே பேசியவளின் பெயரையும் தலையாட்டியவரின் அடையாளத்தையும் ஒரே ஆளாக்கி எழுதிவிட்டுப் போனார். அரசாங்க வேலையில் இதைவிடப் பெரிய பொய்கள் உண்டு.

டெல்ஃபியா கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். கண்டதில் தவறில்லை, சொன்னதிலும் தவறில்லை, இரண்டையும் சேர்த்தால் தவறு. அது எப்படி என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துப் பேச வேண்டியிருக்கும்.

ஹக்கபிகளும் லெட்பெட்டர்களும் பள்ளத்தாக்கின் அடியில் ஒரே தேவாலயத்துக்குப் போனவர்கள். அங்கே ஆண்டுக்கு ஒரு முறை ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கு உண்டு, தாழ்மையைக் கற்பதற்காக. அணை வருவதற்கு எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சடங்கில், யார் முதலில் குனிவது என்பதில் இரு குடும்பத் தலைவர்களுக்கும் தகராறு. இருவரும் குனியவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று ஹக்கபிகள் மேற்குச் சரிவில் புதைத்தார்கள், லெட்பெட்டர்கள் கிழக்குச் சரிவில். பிறகு அணை வந்தது. மேட்டில் இருந்த கல்லறைகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஆனால் வீடிழந்தவர்களுக்குக் கிடைத்த நிலம் குறுக்குமறுக்காக அமைந்தது: ஹக்கபிகளுக்குக் கிழக்குக் கரையில் பாக்ஸ்வுட், லெட்பெட்டர்களுக்கு மேற்குக் கரையில் ராக்ஹவுஸ். ஆக இந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் அந்தக் குடும்பத்தின் பிணங்கள். நடுவில் ஒரு மைல் தண்ணீர். சாலையில் சுற்றிப் போனால் முப்பத்து நான்கு மைல்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு எங்களுக்கு அலங்கார ஞாயிறு. கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, புல்லின் மேலேயே துணி விரித்துப் பொரித்த கோழியும் சோள ரொட்டியும் சாப்பிடுவோம். தண்ணீர் வந்த அடுத்த மே மாதம், 1945இல், வெல்மா சமையலறை ஜன்னல் வழியாக லெட்பெட்டர் கல்லறைகளில் முட்செடி இடுப்பளவு நிற்பதைப் பார்த்தாள். விரோதிதான், ஆனாலும் ஜன்னலுக்கு எதிரே அப்படிக் கிடந்தால் பார்க்கிறவர்கள் பாக்ஸ்வுட்காரர்களைத்தான் ஏசுவார்கள். போய்ப் பிடுங்கினாள். பிடுங்கி நிமிர்ந்தபோது, அக்கரையில் லெட்பெட்டர் பெண்கள் ஹக்கபி கல்லறைகளில் குனிந்திருந்தார்கள். யார் முதலில் குனிந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அன்றிலிருந்து ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாமல், ஒவ்வொரு மூன்றாம் ஞாயிறும் அவரவர் கரையில் மற்றவரின் செத்தவர்களுக்குப் பூ வைக்கிறார்கள். வைக்கிறோம் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம்.

புது மருமகளிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? கல்லில் படித்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அங்கே முக்கால்வாசி வெறும் ஆற்றுக் கற்கள், எழுத்தே கிடையாது. மறு வருடம் அதே ஞாயிறு ஒரு கல்லின் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் டெல்ஃபியாவின் விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டது.

“அத்தை, இந்தக் கல்லுல லெட்பெட்டர்னு போட்டிருக்கு.”

“வேற என்ன போட்டிருக்கணும்ங்கற?”

“லெட்பெட்டர் எதுக்கு இங்க வந்து படுத்திருக்காரு?”

“வேற எங்க போயிப் படுப்பாரு? கைய நிறுத்தாதடி, வெயில் ஏறுது.”

அன்று அவளுக்கு ஒரு வாய் கோழிகூட இறங்கவில்லை. சாயந்திரம் ஹாய்டிடம் சொன்னாள். ஹாய்ட் வெகு நேரம் சிரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் அவன் வாயைத் திறந்து வைத்திருந்தது அன்றைக்குத்தான் என்பாள் டெல்ஃபியா. தவறைத் திருத்தச் சொல்லி வரைபட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். அஞ்சலில் போடும் முன் வெல்மா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

“நாம அவங்க கல்லறைக்கு வேலக்காரியா இருக்கோம்னு கவர்மெண்டுக்கு எழுத்துல குடுக்கப் போறியா?”

1968இல் வரைபடம் அச்சாகி வந்தது. அழகான வரைபடம். மலைகளின் உயரத்துக்குப் பழுப்புக் கோடுகள், காட்டுக்குப் பச்சை, வீடுகளுக்குச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். பாக்ஸ்வுட்டில் பதினான்கு சதுரம். அதில் ஒன்று எங்கள் கோழிக் கூண்டு. பழைய ஆற்றோரச் சாலை கிழக்கே தண்ணீரில் இறங்கி மேற்கே கரையேறுகிறது, நடுவில் அதற்கு என்ன ஆயிற்று என்று வரைபடம் கேட்பதில்லை. கிழக்குக் கரைச் சிலுவைக் குறியின் பக்கத்தில் ‘ஹக்கபி கல்லறைத் தோட்டம்’. மேற்கே ‘லெட்பெட்டர் கல்லறைத் தோட்டம்’. தூண்டில் கடைச் சுவரில் அதை ஒட்டி வைத்திருந்தார்கள். இரண்டு குடும்பத்தாரும் அங்கே புழு வாங்கப் போவார்கள், எல்லாரும் பார்த்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஸ்டார்லிங் குன்றை மட்டும் முதல் பத்து வருடம் பழைய பெயரால் கூப்பிட்டார்கள். பிறகு பழைய பெயர் மறந்துபோய், இப்போது வயதானவர்கள்கூட என் தாத்தா காலத்திலிருந்தே அது ஸ்டார்லிங் குன்றுதான் என்று அடித்துச் சொல்கிறார்கள். பொய்யாகச் சொன்ன பெயர் மெய்யாகிவிட்டது. கண்டதைச் சொன்ன பெயர் பொய்யாகவே நின்றுவிட்டது. நம்பத்தக்கவர் என்பதில் இரண்டு கருத்து என்று அதனால்தான் சொன்னேன்.

நாற்பத்தைந்து வருடம் இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மாமனாரும் மாமியாரும் மற்ற ஹக்கபிகளைப் போலவே பாக்ஸ்வுட் தேவாலய வளாகத்தில் அடக்கமானார்கள். 2011 மே மாதம் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலை, ஹாய்ட் காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி இறந்துபோனான். வயது எழுபத்து நான்கு. அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். ராய் என்று பெயர். மூன்று வயதில் காய்ச்சலில் போய், தண்ணீர் வருவதற்கு முந்தைய வருடம் மேற்குச் சரிவில் புதைக்கப்பட்டவன். பள்ளத்தாக்கைக் காலி செய்த அன்று, ஆறு வயது ஹாய்ட் அந்தக் கல்லிடம், அப்புறம் வரேன் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான். அதன் பிறகு அறுபது வருடம் அதே தண்ணீரில் மீன் பிடித்தான். லெட்பெட்டர் கரை என்பதால் ஒரு முறைகூட இறங்கவில்லை. தன்னை ராய் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று மட்டும் டெல்ஃபியாவிடம் சொல்லியிருந்தான். “நீ போட்ட மேப்பப் பாத்துட்டு என்னய வீட்டுக்குப் பின்னாலயே போட்டுராத” என்பான்.

கரையோர நிலமெல்லாம் நீர்த்தேக்க அலுவலகத்துடையது. புதைக்க அனுமதி வேண்டும், அக்கரைக்குப் படகும் அவர்களே தர வேண்டும். விதி ஒன்றுதான்: எந்தக் குடும்பத்தின் பெயரில் கல்லறைத் தோட்டம் இருக்கிறதோ, அந்தக் குடும்பத்தாரை மட்டுமே அங்கே புதைக்கலாம். அடக்கம் சனிக்கிழமை. புதன்கிழமை டெல்ஃபியா அலுவலகத்துக்குப் போனாள். அங்கே டார்லா ஃபிஞ்ச் என்ற அலுவலர், நல்ல பெண், வெளியூர்.

“மிஸ் டெல்ஃபி, உங்க குடும்பத் தோட்டம் உங்க வீட்டுக்குப் பின்னாடியே இருக்கே. படகு எதுக்கு?”

“அது லெட்பெட்டருங்களோடதும்மா.”

“மேப்புல ஹக்கபின்னு இருக்கு.”

“தப்பா இருக்கு.”

“தப்புன்னு யாரு சொல்றா?”

“நாந்தான்.”

“சரி, அப்படிப் போடச் சொன்னது யாரு?”

“அதுவும் நாந்தான்.”

டார்லா கணினியைத் தட்டி அந்தப் பழைய அறிக்கையை எடுத்தாள். படித்தாள். டெல்ஃபியாவைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“இதுல ஆம்பளைன்னு போட்டிருக்கு.”

“தப்பு.”

“வயசானவர்னு போட்டிருக்கு.”

“அப்ப தப்பு. இப்ப கொஞ்சம் சரி.”

“பொறந்ததுலேருந்து இங்கேயே இருக்கறவர்னு...”

“தப்பு.”

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. இதுல எதுதான் நீங்க?”

“பேரு.”

டார்லா நெற்றியைத் தேய்த்தாள். “அறுபத்தாறுலயே முதியவர்னா, இப்ப அவருக்கு நூத்திருபது வயசு. இறந்துட்டார்னுதான் நாங்க எடுத்துக்க முடியும். தகவல் குடுத்தவர் இறந்துட்டா, பேர மாத்தறதுக்குன்னு இருக்கற கமிட்டி கூடணும். எட்டு மாசம் ஆகும்.”

“அப்ப நான் செத்துட்டேன்.”

“நீங்க இல்ல. டி. ஹக்கபி.”

“அப்ப இந்தப் பர்மிட்டுல விண்ணப்பதாரர்னு யாரு பேர அடிச்சு வெச்சிருக்க?”

டார்லா தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ‘விண்ணப்பதாரர்: டி. ஹக்கபி. இடம்: ஹக்கபி கல்லறைத் தோட்டம். நாள்: சனிக்கிழமை, காலை பத்து மணி’ என்று அடித்து முத்திரையும் குத்தியிருந்தாள்.  பிறகு டார்லா குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். இரண்டு குடும்பத்திலிருந்தும் மூத்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால், கமிட்டி கூடும்வரை தற்காலிகமாக மாற்றி எழுதித் தர அவளுக்கு அதிகாரம் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அதற்கான வாசகத்தையும் அடித்துக் கொடுத்தாள். டெல்ஃபியா இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை முப்பத்து நான்கு மைல் சுற்றி ராக்ஹவுஸுக்கு வண்டி ஓட்டிப் போனாள். பாதி வழியில் தான் எதற்குப் போகிறோம் என்பதே குழம்பிவிட்டது என்று பிற்பாடு சொன்னாள். கையெழுத்துக் கேட்கவா, மன்னிப்புக் கேட்கவா, நன்றி சொல்லவா? மூன்றில் எதற்குமே அந்த இரண்டு குடும்பங்களிடையே வழக்கம் கிடையாது. கார்லண்ட் லெட்பெட்டர் வீட்டு வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. எழுந்திருக்கவில்லை, ஆனால் தொப்பியைக் கழற்றினார்.

“ஹக்கபி வீட்டம்மாதானே?”

“எப்படித் தெரியும்?”

“நாப்பத்தஞ்சு வருஷமா பைனாகுலர்ல பாக்கறேன். கிட்டக்கப் பாத்தா குள்ளமா இருக்கீங்க.”

“நீங்களும்தான் அங்கேருந்து பாக்கறப்ப முடியோட இருந்தீங்க.”

கார்லண்ட் மண்டையைத் தடவிக்கொண்டார். “போன வருஷம் எங்க தாத்தா கல்லுல மஞ்சப் பூ வெச்சீங்க. அவருக்கு மஞ்ச ஆகாது.”

“அவரு சொல்லவே இல்லியே.”

“ஹக்கபிங்ககிட்ட அவரு பேச மாட்டாரு.” ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்தார். “ஹாய்ட் போயிட்டாருல்ல? செவ்வாக்கெழம உங்க வாசல்ல அத்தன காரு நின்னப்பவே தெரிஞ்சுது. நல்லா மீன் புடிப்பாரு. எங்க கரையோரம் வந்து மோட்டார நிறுத்திட்டுச் சும்மா இருப்பாரு. தூண்டில்கூடப் போட மாட்டாரு.”

டெல்ஃபியா தாளை நீட்டினாள். கார்லண்ட் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். ‘மேற்குக் கரையில் எங்கள் குடும்பத்தாரால் 1945 முதல் பராமரிக்கப்பட்டுவரும் கல்லறைகள் ஹக்கபி குடும்பத்தாருடையவை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல போட முடியாது.”

“ஏன்?”

“போட்டா, அறுபத்தாறு வருஷமா ஹக்கபிங்களுக்குக் களை புடுங்கினோம்னு ஆயிடும்.”

“புடுங்கலியா?”

“புடுங்கினோம். அது வேற. ஒத்துக்கறது வேற. எங்கம்மா சாகற வரைக்கும் ஒத்துக்கல.” பிறகு கேட்டார்: “கீழ உங்களுக்கும் ஒரு கோடு போட்டிருக்கே. நீங்க போட்டாச்சா?”

டெல்ஃபியா பேனாவை எடுத்தாள். வெல்மா செத்து இருபது வருடம் ஆகிறது. ஆனாலும் பக்கத்தில் நின்று அடுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பதுபோல் இருந்தது. பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

“அதான பாத்தேன்” என்றார் கார்லண்ட்.

அவள் கிளம்புவதற்காகத் திரும்பினாள். அப்போது அவளுக்கு அழுகை வந்ததாம். சாவு வந்த வீட்டில் வராத அழுகை விரோதி வாசலில் வந்தது. சனிக்கிழமை ஹாய்டை லெட்பெட்டர்களின் நடுவே, தம்பியிடமிருந்து ஒரு மைல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் விட வேண்டியதுதான். அதுவும் தன் வாயால் வந்த வினை. கார்லண்டுக்கு அழுகிற பெண்களைப் பார்க்கத் தெரியாது. எழுந்து மேட்டைப் பார்த்து நடந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் பின்னால் போனாள்.

ஹக்கபி கல்லறைகளை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். புல் ஒட்ட வெட்டியிருந்தது. ஓரத்தில் ராயின் சின்னக் கல். அதன் முன்னால் ஒரு பேஸ்பால்.

“எங்கம்மா வருஷா வருஷம் ஒரு கோலிக்குண்டு வெப்பாங்க. காக்கா தூக்கிட்டுப் போயிடும். அதனால இப்ப பெருசா வெக்கிறோம்.” அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு நான்கு முளை அடித்திருந்தது. கார்லண்ட் அதைப் பார்க்காதவர்போல ஏரியைப் பார்த்தார். “செவ்வாக்கெழமயே அடிச்சேன். மண்ணு இங்க கொஞ்சம் கல்லு. பசங்களுக்கு நேரம் புடிக்கும்.”

டெல்ஃபியா நான்கு முளைகளையும் ஒரு முறை சுற்றி வந்தாள். “பர்மிட்டு இல்லியே. கரையெல்லாம் அவங்களோடது.”

“உங்க பர்மிட்டுல என்னதான் போட்டிருக்கு?”

அவள் முத்திரை குத்திய தாளை எடுத்து வாசித்தாள். “ஹக்கபி கல்லறைத் தோட்டம். சனிக்கெழம பத்து மணி.”

கார்லண்ட் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். “இது யாரு தோட்டம்?”

“ஹக்கபிங்களோடது.”

“அப்புறம் என்ன?”

சனிக்கிழமை ஒன்பதரைக்கே டார்லா பாக்ஸ்வுட்டுக்கு வந்துவிட்டாள். அடக்கம் நடந்ததைப் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டியது அவள் கடமை. இடம் காட்டும் கைக்கருவியைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் ஏறிப் போய், வரைபடம் சொன்ன இடத்தில் நின்றாள். குழி எதுவும் தோண்டியிருக்கவில்லை. கருவியை உதறிப் பார்த்தாள். அது திரும்பவும் ஹக்கபி கல்லறைத் தோட்டம் என்றே காட்டியது. காலடியில் இருந்த கல் லெட்பெட்டர் என்றது.

கீழே துறையில் தட்டையான படகு ஒன்று வந்து நின்றது. கார்லண்டின் தம்பி மகன்கள் இருவர் இறங்கி, ஹக்கபிகளோடு சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கி ஏற்றினார்கள். கார்லண்ட் மட்டும் மேட்டில் ஏறினார். டார்லாவைத் தாண்டிப் போய், தாத்தாவின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீர் வந்ததிலிருந்து அவர் தொலைவிலிருந்து மட்டுமே பார்த்த கல். பிறகு குனிந்து, போன வருடத்து மஞ்சள் பிளாஸ்டிக் பூவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“மிஸ் டெல்ஃபி” என்று டார்லா பின்னாலேயே ஓடிவந்தாள், “எனக்கு ஒண்ணுமே புரியல. எங்க போறீங்க?”

“ஹக்கபி கல்லறைத் தோட்டத்துக்கு.”

“நான் இப்ப அங்கதான நின்னேன்?”

“ஆமா, நல்ல எடம். வெயில்ல நிக்காத. உள்ள மேசமேல கோழியும் இனிப்பு டீயும் இருக்கு. ரெண்டு மணி நேரத்துல வந்துருவோம்.”

மூன்று மணி நேரம் ஆயிற்று. மண்ணில் கல் அதிகம். டார்லா முன் வராந்தாவில், ஒரு காலத்தில் லம் உட்கார்ந்திருந்த நாற்காலியில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அக்கரையில் ஆட்கள் நிற்பது சின்னதாகத் தெரிந்தது. வரைபடத்தை விரித்தாள், ஏரியைப் பார்த்தாள், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினாள், மடித்து வைத்தாள். படகு திரும்பியதும் படிவத்தை எடுத்தாள்.

“ஒரே ஒரு கேள்விம்மா. இத நான் கேட்டே ஆகணும். உங்க வீட்டுக்காரர ஹக்கபி கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணீங்களா?”

“ஆமா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

டார்லா தலையாட்டினாள். அந்த நாற்காலிக்கே அந்தக் குணம் உண்டோ என்னவோ. கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள். டெல்ஃபியா ‘டி. ஹக்கபி’ என்று எழுதினாள். நூற்றிருபது வயதில் இறந்துபோன அந்த முதியவரின் கடைசிக் கையெழுத்து அதுதான். வரைபடம் இன்னும் அப்படியே இருக்கிறது. தூண்டில் கடையில் புதிய பதிப்பு ஒட்டியிருக்கிறார்கள், அதே பெயர்களோடு.

டெல்ஃபியா ஹக்கபி 1966 ஜூன் மாதம் இரண்டு கல்லறைத் தோட்டங்களின் பெயரை மாற்றிச் சொன்னாள். 2011 மே ஏழாம் தேதி கணவனைப் படகில் கொண்டுபோய் அவன் தம்பியின் பக்கத்தில் புதைத்தாள். அடுத்த வாரம், அலங்கார ஞாயிறு அன்று, வீட்டுக்குப் பின்னால் ஏறிப்போய் லெட்பெட்டர் கல்லறைகளில் களை பிடுங்கினாள். பூ வெள்ளையாக வைத்தாள்.